ஏழு மணிச் சந்தேகம்

ஒருவன்மேல் நமக்கு ஏற்படுகிற சந்தேகத்தை வாய் திறந்து சொல்லாமலே இருந்துவிட்டால், அது குற்றமாகுமா? சில வருஷங்களுக்கு முன் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால், "ஆகாது" என்று யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். மனத்தில் வந்து போவதற்கெல்லாம் கணக்கு வைக்க ஆரம்பித்தால் மனிதன் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது என் அபிப்பிராயமாக இருந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணம் ஏதோ பெரிய தத்துவ நூல் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய லாப்டாப்தான் காரணம்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஏரி இருக்கிறது, ஏரியைத் தாண்டி வருகிற காற்று இருக்கிறது, அந்தக் காற்றோடு சேர்ந்து வருகிற கொசுவும் இருக்கிறது. என் வீட்டில் கீழே நாங்கள். மேலே ஒரு குடித்தனம். ஒரு தாய், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மகன், பிளஸ் டூ முடித்த மகள். அவர்கள் குடி வந்தபோது அந்தப் பெண்ணுக்குப் பாடம் கேட்க இன்டர்நெட் வேண்டியிருந்தது. "தனியாகப் போட்டுக்கொள்ளும் வரைக்கும் எங்களுடையதையே உபயோகித்துக்கொள்ளுங்கள்" என்று பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நானே கொடுத்தேன். கொடுத்த அன்று எனக்கு என்மேலேயே கொஞ்சம் மதிப்புக் கூடியது என்பதையும் மறைப்பானேன்?

என் லாப்டாப்பில் இருப்பது லினக்ஸ். பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் ஆரம்பித்து வைத்து, உலகெங்கும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் வளர்த்துவிட்ட சமாசாரம் அது. எனக்கு அதில் கொள்கைப் பிடிப்பு எதுவும் கிடையாது. யந்திரம் பழையதாகிவிட்டது, புதிய விண்டோஸின் கனத்தை அதனால் தாங்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த என் அக்காள் மகன் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். "பாட்டரி ரொம்ப நேரம் நிக்கற மாதிரியும் ஒண்ணு செஞ்சிருக்கேன் மாமா" என்று போகிற போக்கில் சொன்னான். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கதையில் இந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் வாசகர்கள் அப்போதே உஷாராகியிருப்பார்கள். வாழ்க்கையில் யார் உஷாராகிறார்கள்?

பகலெல்லாம் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து வேலை செய்வேன். ஒரு தொந்தரவும் இராது. சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு மேல்வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். அவன் மாடிப்படி ஏறிப் போன ஐந்து பத்து நிமிஷத்தில் என் இன்டர்நெட் நின்றுவிடும். மூலையில் இருக்கும் சின்னம் மட்டும் முழு அளவில் சிரித்துக்கொண்டிருக்கும்; ஒரு பக்கமும் திறக்காது, ஒரு கடிதமும் போகாது. வைஃபையை அணைத்துப் போட்டால் உயிர் வரும். மறுபடி பத்து நிமிஷம், மறுபடி சாவு.

எப்போதும் இருக்கிற குற்றம் ஒரு விதத்தில் நேர்மையானது. உடைந்த நாற்காலி உடைந்த நாற்காலிதான். அதைப் பற்றி இரண்டு கருத்து இல்லை. வந்து வந்து போகிற குற்றம்தான் மனிதனின் புத்தியைக் கெடுக்கிறது. அது நம்மை ஜோசியம் பார்க்க வைக்கிறது. 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், பசித்த புறாக்களைக் கூண்டில் அடைத்து ஒரு சோதனை செய்தார். புறா என்ன செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, குறிப்பிட்ட இடைவெளியில் தீனி தானாக வந்து விழும்படி ஏற்பாடு. கொஞ்ச நாளில் ஒரு புறா வட்டமிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி விழுந்தது என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது போலும்!

நான் அந்தப் புறாக்களைவிட எந்த விதத்திலும் உயர்ந்தவன் அல்ல. ரூட்டரை அணைத்துப் பத்து எண்ணிவிட்டுப் போட்டேன். ஒரு தடவை சரியாயிற்று. அன்றிலிருந்து பத்துதான் எண்ணுவேன், ஒன்பது எண்ணினால் மனசு ஒப்பாது. லாப்டாப்பைக் கிழக்கே பார்த்து வைத்தேன். ரூட்டரை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினேன். என் தகப்பனார் பழைய வால்வு ரேடியோவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், பாட்டு வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தால் தட்டினபோது ஒட்டிக்கொள்ளும். அந்த வைத்தியத்துக்கு ஏதோ ஒரு முறை இருந்தது. என் வைத்தியத்துக்கு அதுவும் இல்லை.

இப்படியே இருந்திருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். ஆனால் புறாவுக்கு இல்லாத ஒரு வசதி மனிதனுக்கு உண்டு. தன் துன்பத்துக்குக் காரணமாக இன்னொரு மனிதனை அவன் கண்டுபிடித்துக்கொள்வான். மோட்டார் சைக்கிள் வருகிறது, இன்டர்நெட் போகிறது. ஒரு நாளா, இரண்டு நாளா, மூன்று வாரமாக. தங்கைக்குப் பாடம் கேட்கக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அண்ணன் வந்ததும் வராததுமாய்ப் பெரிய பெரிய சினிமாவாக இறக்குகிறான். எனக்கு மிச்சம் இல்லாமல் உறிஞ்சிவிடுகிறான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி வேண்டியிருந்தது. அதுவும் எதிர்த்தரப்புச் சாட்சி கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தம்பி நாள் முழுதும் வீட்டில்தான் இருப்பான். அன்று பகலில் எனக்கு ஒரு தடங்கலும் வந்ததில்லை. "தூங்குகிறான் போலிருக்கிறது" என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இன்னொன்று: ஏழு மணிக்கு என் இன்டர்நெட் செத்துக் கிடக்கும்போது, கூடத்தில் என் மனைவி தன் கைப்பேசியில் அதே வைஃபையில் சங்கீதக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

நம்முடைய முன்னோர்கள் இந்த விஷயத்தில் அசட்டையாக இருந்தவர்கள் அல்லர். மணிமேகலையில் சமயக்கணக்கர்களின் வாதங்களைக் கேட்கிற காதையில், ஒன்றை அறிவதற்கான அளவைகள் இன்னின்னவை என்று சாத்தனார் வரிசையாக அடுக்கியிருக்கிறார். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நியாய சாஸ்திரக்காரன் அதோடு விடமாட்டான். நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்பதையும் காட்டு என்று கேட்பான். தம்பி இருக்கும்போதெல்லாம் தடங்கல் உண்டா, தம்பி இல்லாதபோது தடங்கல் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு பக்கம்தான் பார்த்தேன். அதையும் ஏழு மணிக்கு மட்டும் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை ராத்திரி பாஸ்வேர்டை மாற்றினேன். மேலே யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஏழு மணி ஆயிற்று. மோட்டார் சைக்கிள் வந்தது. ஏழரை, எட்டு, ஒன்பது. ஒரு தடங்கல்கூட இல்லை! "பார்த்தாயா? நான் அப்போதே சொன்னேன்" என்று மனைவியிடம் வெற்றி முழக்கம் செய்தேன். அவள், "கேட்டுவிட்டு மாத்தியிருக்கலாமே" என்றாள். அப்பாவிகளுக்கு உலகம் தெரியாது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போயிற்று. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் தன் கொள்கையைச் சந்தேகித்திருப்பான். நானோ அவனை இன்னும் அதிகமாகச் சந்தேகித்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த பையன்தானே, புதிய பாஸ்வேர்டையும் எப்படியோ பிடித்துவிட்டான்! சந்தேகம் என்பது பொய்யாகிப்போகும்போது சாவதில்லை. தீனி கிடைத்ததுபோல் பெருக்கிறது. முதலில் அவன் பேராசைக்காரன். இரண்டே நாளில் திருடனாகிவிட்டான்.

அதே வெள்ளிக்கிழமை அவன் தாயார் படியிறங்கி வந்து, வாசலிலேயே நின்றபடி கேட்டார்: "ஐயா, ரெண்டு நாளா நெட்டு வரலீங்க. உங்களுக்கும் அப்படித்தானுங்களா?"

"எங்களுக்கும் சரியாக வரவில்லை, அம்மா" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கும் சரியாகத்தான் வரவில்லை. துரோணர் காதில் விழும்படி அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் சொன்னாரே, அதைப்போல நான் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதைச் சொன்ன பிறகு அவருடைய தேர் பூமியில் படிந்தது என்று பாரதம் சொல்கிறது. எனக்குத் தேர் இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாள், "அப்படிங்களா, பாப்பாவுக்குக் கவுன்சலிங் பாரம் போடணும், அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமும் மறுநாளும் அந்தப் பெண் பஸ் ஏறிப் பூந்தமல்லி பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்தாள். காம்பவுண்டுக் கதவு திறக்கிற சத்தத்தில் நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மார்க் ஷீட்டுகள்.

ஞாயிறு சாயங்காலம் அந்தத் தம்பியே கீழே வந்தான்.

"சார், உங்களுக்கும் நெட் சரியா வரலைன்னு அம்மா சொன்னாங்க. உங்கள்து லினக்ஸ்தானே சார்? நான் கொஞ்சம் பாக்கட்டுமா?"

அவனுக்கு லினக்ஸ் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கவர்ன்மென்ட் கொடுத்த லாப்டாப்பில் இருந்ததாம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு ஆரம்பித்த திட்டம் அது. அந்த லாப்டாப்புகளில் விண்டோஸுடன் கூடவே, சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். மற்றப் பையன்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவன் திறந்து பார்த்தவன். இலவசமாகக் கொடுத்தால் யாருக்கு அருமை தெரியும் என்று அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதியவன் நான். அதை அவனிடம் சொல்லவில்லை.

அவன் உடனே யந்திரத்தில் கை வைக்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டான். அதில் கோடு போட்டு, நேரம், இடம், சார்ஜர், பலன் என்று நான்கு கட்டம் கட்டினான். பிறகு என்னைக் கேட்டான். "எப்பெப்ப சார் நிக்குது?" ஏழு மணிக்கு மேல் என்றேன். "அப்ப எங்க உக்காந்திருப்பீங்க?" தாழ்வாரத்தில் என்றேன். உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஏழாகிவிட்டது என்று எழுந்து, லாப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏரிக் காற்றுக்காகத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் எதுவோ கொஞ்சம் அசைந்தது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

"இப்ப அம்மா போன்ல வருதா சார்?" என் மனைவியின் கைப்பேசியில் வந்துகொண்டிருந்தது. "அப்ப ரூட்டர் மேல தப்பில்ல" என்று எழுதிக்கொண்டான். தன் கைப்பேசியை எடுத்தான்; அதில் சேரவில்லை.

"சார், பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

"ஆமாம்."

"எப்ப சார்?"

"புதன்கிழமை."

அவன் தலை நிமிரவில்லை. காகிதத்தில், 'புதன் - பாஸ்வேர்டு மாற்றம்' என்று எழுதினான். என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்கிற வரிசையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். அதில் கோபமோ குத்தலோ இல்லை. வைத்தியன் கேட்கிற கேள்வி.

"மாத்தினப்புறம் சரியாச்சா சார்?"

"வியாழக்கிழமை ஒரு நாள் சரியாக இருந்தது."

"வியாழக்கிழமை மழை பேஞ்சுதே. உள்ளயே உக்காந்திருப்பீங்க."

உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். மழைச் சாரலுக்குப் பயந்து மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதை என் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அவன் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். உள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துவந்து, தாழ்வாரத்திலேயே லாப்டாப்புக்குச் சார்ஜர் போட்டான். ரூட்டரின் விலாசத்துக்கு, 192.168.1.1க்கு, விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா' என்று கேட்டு, 'இருக்கிறேன்' என்று பதில் வாங்குகிற ஒரு கட்டளையை ஓடவிட்டான். அரை மணி நேரம் ஒரு பதிலும் தவறவில்லை. பிறகு லாப்டாப்பை உள்ளே கொண்டுபோய், ரூட்டருக்கு நான்கு அடி தூரத்தில் மேஜைமேல் வைத்து, சார்ஜரைப் பிடுங்கினான். எட்டு நிமிஷத்தில் பதில் நின்றுவிட்டது.

"இடம் இல்ல சார். பிளக்கு."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இவ்வளவுதான் அந்தக் கலையின் ரகசியம். நான் மூன்று வாரத்தில் இருபது காரியங்கள் செய்திருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன். அதனால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. என் ஏழு மணியில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடந்தன: அவன் வருகை, என் இடமாற்றம், சார்ஜரைப் பிடுங்குவது. அவன் வந்ததால்தான் இன்டர்நெட் போயிற்று என்பதுகூட ஒரு விதத்தில் உண்மையே! அவன் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் எழுந்து போனேன்? காரணம் என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது பாருங்கள்.

நோயின் மூலத்தையும் அவன் விளக்கினான். வைஃபை அட்டை மின்சாரத்தை மிச்சப்படுத்த அவ்வப்போது தூங்கும். 'நான் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை வாங்கி வை' என்று ரூட்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். ரூட்டர் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை தண்டோரா போடுகிறது. யார் யாருக்குச் சரக்கு காத்திருக்கிறது என்ற பட்டியலும் அதில் இருக்கும். அட்டை அந்தத் தண்டோரா நேரத்துக்கு விழித்துக் கேட்டு, தனக்கு ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்பாடு அருமையானது. ஆனால் சில அட்டைகளுக்குத் தூங்கத் தெரிகிற அளவுக்கு விழிக்கத் தெரிவதில்லை. ரூட்டர் சரக்கோடு வாசலில் நிற்கும். உள்ளே இருப்பவர் எழுந்திருக்கமாட்டார். பெயர்ப்பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். நான் பார்த்த முழுச் சின்னம் அந்தப் பெயர்ப்பலகைதான். என் அக்காள் மகன் போட்டுவிட்டுப் போன சிக்கன ஏற்பாடு, சார்ஜர் இருக்கும்போது அட்டையைத் தூங்கவிடாது. பாட்டரிக்கு மாறியதும் தூங்கச் சொல்லும்.

தம்பி ஒரு வரியை மாற்றினான். அந்த ஏற்பாட்டில், பாட்டரியிலும் அட்டை விழித்தே இருக்கட்டும் என்று எழுதினான். பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவாயில்லையா என்று என் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டான். நான் பாஸ்வேர்டை மாற்றியபோது யார் சம்மதத்தைக் கேட்டேன்?

சிலப்பதிகாரம் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பில் முத்து. வேறு ஒன்றும் வேண்டாம், சிலம்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும். ஒரு விநாடி வேலை. கோவலன் உயிர் போன பிறகுதான் அது உடைகிறது. இவ்வளவு பெரிய பாண்டியன் இவ்வளவு சின்னச் சோதனையைச் செய்யத் தவறுவானா என்று நினைத்ததுண்டு. அன்று எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் எனக்கு வருவதில்லை. பொற்கொல்லன் சொன்ன கதை அரசனுக்குப் பொருத்தமாக இருந்தது. பொருத்தமாக இருக்கிற கதையை யார் உடைத்துப் பார்க்கிறார்கள்? எனக்குப் பொற்கொல்லன்கூட வேண்டியிருக்கவில்லை. நானே சொல்லி, நானே நம்பி, நானே தண்டனையும் கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் குற்றவாளி யார்? பாட்டரிக்கு நன்மை செய்யப்போன அக்காள் மகனா? சரியாக விழிக்கத் தெரியாத அட்டையைச் செய்து விற்ற கம்பெனியா? அல்லது அந்த அட்டைக்கு லினக்ஸில் டிரைவர் எழுதியவர்களா? கடைசியில் சொன்னவர்களைக் குறை சொல்வதற்கு வாயெடுத்தேன். தம்பி விடவில்லை. அவர்களில் பலர் யார், எப்படி எழுதினார்கள் என்று அன்று ராத்திரி அவன் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிராட்காம் என்ற கம்பெனியின் வைஃபை சிப்புகள் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்தன. அவை எப்படி வேலை செய்கின்றன என்ற விவரத்தை அந்தக் கம்பெனி லினக்ஸ்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. என்ன செய்வது? தொண்டர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு பிரிவு கம்பெனியின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சிப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று வெறும் விவரமாக எழுதி வைக்கும். இன்னொரு பிரிவு, அந்தக் கம்பெனிச் சரக்கைக் கண்ணாலும் பாராமல், விவரத்தை மட்டும் படித்துத் தாங்களாகவே புதிதாக எழுதும். பார்த்தவன் எழுதக்கூடாது, எழுதுகிறவன் பார்க்கக்கூடாது. ஒரு வரியையும் திருடவில்லை என்று நாளைக்கு யார் கேட்டாலும் நிரூபிக்கும்படி, கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இப்படித் தங்களையே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். 2010இல் அந்தக் கம்பெனியே மனம் மாறிச் சில சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. கூலி இல்லாத வேலையில் இவ்வளவு ஒழுங்கை வைத்துக்கொண்டவர்களைப் பற்றிப் படித்தபோது, சாட்சி எதுவும் இல்லாமல் ஒருவனைத் திருடன் என்று முடிவு கட்டிய எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தக் கூட்டத்தில் லாரி ஃபிங்கர் என்று ஒருவர். அமெரிக்கர். தொழிலில் கம்ப்யூட்டர்காரரே அல்ல. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கனிமங்களின் படிக அமைப்பை ஆராய்ந்தவர். எல் சால்வடார் நாட்டு எரிமலை ஒன்றில் கிடைத்த கனிமத்துக்கு அவர் நினைவாக ஃபிங்கரைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு, ஊர் பேர் தெரியாதவர்களின் லாப்டாப்பில் வைஃபை வருவதற்காக உட்கார்ந்து எழுதினார். கேள்வி கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னார். 2024 ஜூன் மாதம், 84 வயதில் இறந்துபோனார். பாரிவாக்கத்துத் தாழ்வாரத்தில் ஒருவன் காற்று வாங்கிக்கொண்டு கடிதம் அனுப்புவதற்கு இத்தகைய மனிதர்கள் எத்தனை பேருக்கு நன்றி சொல்ல வேண்டும்? நன்றி சொல்லாவிட்டாலும் போகிறது, திட்டாமலாவது இருக்கலாம் அல்லவா?

கம்பியில்லாத தொடர்பு என்றதும் எனக்கு எங்கள் பூந்தமல்லிப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வருகிறது. திருக்கச்சி நம்பிகள். காஞ்சி வரதருக்கு விசிறி வீசியபடியே அவரோடு பேசுவாராம். ராமானுஜர் தம் சந்தேகங்களை இன்னதென்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பெருமாளிடம் கேட்டு வாருங்கள் என்று மட்டும் வேண்டினார். நம்பி போய்க் கேட்டு, ஆறு வார்த்தைகளைப் பதிலாகக் கொண்டுவந்தார் என்பது வைணவர்களின் வரலாறு. கேள்வியைச் சொல்லாமலே பதில் வந்துவிட்டது! நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம் கேட்டால்தான் பதில் வரும். "தம்பி, ஏழு மணிக்கு என்ன பார்க்கிறாய்?" என்று நான் ஒரு தடவை மாடியைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். நாகரிகம் கருதிக் கேட்காமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தேகத்தை வெளியே சொல்வது அநாகரிகம் என்று பழக்கிவிட்டார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டு அதன்படி காரியம் செய்வது என்ன நாகரிகம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லியிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை போட்டிருப்பான், ஐந்து நிமிஷத்தில் உண்மையும் வெளியே வந்திருக்கும். சொல்லாத குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் கிடையாது. அதில் அடிபட்டவனுக்குத் தான் கூண்டில் நிற்பதே தெரியாது.

திங்கட்கிழமை காலையில் மாடி ஏறிப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். போன பிறகு போனேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். தாயாரும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். "அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டபோது நான் சரியாகச் சொல்லவில்லை. பாஸ்வேர்டை நான்தான் மாற்றினேன். தம்பியைத் தப்பாக நினைத்துவிட்டேன்" என்றேன். நான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று: கோபம், அல்லது 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்ற ஆறுதல். இரண்டும் வரவில்லை.

"தெரியுங்க ஐயா. புதன்கிழமைன்னு அவன் அன்னிக்கே சொன்னான். உங்க நெட்டு, உங்க இஷ்டம். நாங்க என்ன சொல்றதுக்கு இருக்குது?" என்றார். பிறகு, "காபி சாப்பிடறீங்களா?" என்றும் கேட்டார். சாப்பிட்டேன். அந்தப் பெண் தலை குனிந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். புதிய பாஸ்வேர்டு எழுதிக் கொண்டுபோயிருந்த துண்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் மேலே அவர்கள் தனியாக இன்டர்நெட் போட்டுக்கொண்டார்கள். கேபிள் இழுக்க ஆள் வந்தபோது, ஆணி அடிக்கலாமா என்று தம்பி கீழே வந்து அனுமதி கேட்டான். போகும்போது, "உங்கள்து ஆறாவது சேனல் சார். நாங்க பதினொண்ணு வெச்சிக்கிட்டோம். ஒண்ணுக்கொண்ணு இடிக்காது" என்றான். வைஃபை அலைவரிசையில் ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவன் கோடு போட்ட காகிதம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போகிற வழக்கமும் இருக்கிறது. தடங்கல் வருவதில்லை. வைஃபைப் பட்டியலைத் திறந்தால் என் பெயருக்குக் கீழே அவர்கள் வீட்டுப் பெயரும் தெரிகிறது, பக்கத்தில் ஒரு பூட்டுப் படத்தோடு.